மொரீஷியஸ் அருவியும் மாந்தோப்புக் கிணறும்

மொரீஷியஸ் டூர் விசாரிக்க இன்று சித்தூரில் ஒரு டிராவல்ஸுக்குப் போனோம். மொரீஷியஸில் அருவி மேலிருந்து குளத்தில் குதிக்க வைக்கிறார்களாம்.

"பெரியவங்க கீழ நின்னு போட்டோ எடுத்துக்கலாம் அங்கிள்" என்றது டிராவல்ஸ் பெண்.

"எம்மாம் ஒசரம்?" என்று கேட்டாள் என் மனைவி.

"ரெண்டு மாடி இருக்கும் ஆன்ட்டி."

"அவ்ளோதானா?"

எழுபத்தாறாம் வருஷம். கல்யாணமான புதிது. பங்காருபாளையத்தில் மாமனாரின் மாந்தோப்பு. என் கையில் செருப்பைக் கொடுத்துவிட்டு, பம்ப்செட் ரூம் மேலே ஏறிக் கிணற்றில் குதித்தாள். நீச்சல் தெரியாத மாப்பிள்ளை நான். அவள் தலை வெளியே வரும்வரை மூச்சே விடவில்லை.

டிராவல்ஸை விட்டு வெளியே வந்ததும் சொன்னாள்: "நான் குதிக்கிறேன். நீங்க அன்னிக்கி மாதிரியே செருப்ப புட்ச்சிக்கினு நில்லுங்க."

போய் வந்தவர்கள் சொல்லுங்கள், குதித்தால் மேலே வர எவ்வளவு நேரமாகும்?

மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கப்போவது நான்தானே!