அப்புத்தளைப் பனியும் ஒரு மேளமும்

எனக்குச் சந்தேகம் பிறவிக் குணம். கடைக்குப் போனால் சீனியைப் பார்க்கமாட்டேன், தராசைத்தான் பார்ப்பேன். வாராவாரம் இதை வாசிக்கிற உங்களுக்குத் தெரியாததா என்ன?

போன ஞாயிற்றுக்கிழமை அப்புத்தளைக்கு வொலிபோல் ஆடப் போனோம். பதுளையில் அரசாங்கக் கந்தோர்களில் உத்தியோகம் பார்க்கிற எங்களுக்கும் ஒரு தோட்டத்து டீமுக்கும் அரையிறுதி. ஜெயித்தால் மாகாண ஃபைனல். பதினோரு வருஷமாக ஆடுகிறேன், ஃபைனலைக் கண்டதில்லை. என் முழங்கால் போகிற போக்கில் இதுதான் கடைசி வாய்ப்பு.

ஆளுக்கொரு செட். மூன்றாவது செட்டில் பனி இறங்கிவிட்டது... வலைக்கு அந்தப் பக்கம் வெறும் நிழல்கள். இருந்தும் பத்துக்கு ஏழு என்று நாங்கள்தான் முன்னால்.

ஆனால் அவர்கள் பக்கம் முருகேசு என்று ஒருவர் – தேயிலைக்குக் கவ்வாத்து வெட்டுகிறவர், என் வயதுதான். நான் ஓங்கி அடித்த இரண்டு பந்துகளைப் பாய்ந்து எடுத்துவிட்டார். எப்படி? அடித்த எனக்கே பந்து தெரியவில்லை!

கோர்ட் ஓரத்தில் அவர்களுடைய ஆட்கள் தப்பு மேளம் அடித்து அமர்க்களம் பண்ணிக்கொண்டிருந்தார்கள். கவனித்தேன். அந்த இரண்டு முறையும் மேளம் சட்டென்று ஓய்ந்தது. ஓய்ந்ததும் முருகேசு பாய்ந்தார். ஆகா, சிக்னல்!

"ரெஃபரி, மேளத்த நிப்பாட்டச் சொல்லுங்க! இல்லாட்டி நாங்க ஆடமாட்டோம்."

"சும்மா குஷிக்கு அடிக்கிறாங்க சேர்," என்றார் ரெஃபரி. நான் விடுவேனா? மேளம் நின்றது.

அதற்குப் பிறகு முருகேசு எல்லாப் பந்தையும் எடுத்தார். அவருடைய ஆட்களும் எடுத்தார்கள். நாங்கள் பத்திலேயே நின்றோம், அவர்கள் பதினைந்து. எனக்கு அழுகையே வந்துவிட்டது, மறைப்பானேன்?

கை கொடுக்க வந்த முருகேசுவிடம் நேராகவே கேட்டேன். "உண்மையச் சொல்லுங்க, என்ன தந்திரம்?"

"தந்திரமெல்லாம் இல்லீங்க. இந்தப் பனியில கண்ண மட்டும் நம்பி ஆட முடியுமா? நீங்க அடிக்கிற சத்தத்திலேயே பந்து தூரமா வருதா, கிட்ட விழுதான்னு தெரிஞ்சிரும். மிச்சத்தக் கண்ணு பாத்துக்கும். மேளக்காரங்க மூச்சு வாங்குன அந்த ரெண்டு தடவதான் காதுல விழுந்துச்சு. நாங்க நிப்பாட்டச் சொன்னா நம்ம ஆளுங்க கேப்பாங்களா? நல்ல வேள, நீங்க சொன்னீங்க!"

எங்கள் டீமில் யாழ்ப்பாணத்து டாக்டர் ஒருவர் இருக்கிறார். திரும்பும் பஸ்ஸில் விளக்கினார்: "கண்ணும் காதும் சொல்லுறதைச் சேர்த்துத்தான் ஐசே மூளை காலை நகர்த்துது. ரெண்டும் சேர்ந்தால் வேகம் கூடும். நீர் அவையளுக்குக் காதைத் திருப்பிக் குடுத்திட்டீர்."

அது சரி... இவ்வளவும் தெரிந்த மனிதர், நான் மேளத்தை நிறுத்தச் சொன்னபோது ஏன் வாயே திறக்கவில்லை?