அக்கா கப்பு

சமையலக்காவுக்குப் படம் என்றால் உயிர். ஆனால் அவள் படம் பார்க்கும் விதமே வேறு. கதாநாயகி கதறிக்கொண்டிருப்பாள், இவளுக்கு அவள் பின்னாலிருக்கும் அடுப்பில் பால் பொங்கிவிடுமே என்று கவலை. வேலைக்காரி தட்டை வைத்துவிட்டுத் திரும்பும்போது கேமராவும் கூடவே போகாதா என்று பார்ப்பாள். போகாது.

“உன்னைப் படத்துல போட்டாலும் முதுகைத்தான் காட்டுவான்,” என்பான் பெயிண்டரான அவள் புருஷன்.

“உன் மூஞ்சிக்கு என் முதுகு எவ்வளவோ தேவலை.”

அவள் வேலை பார்க்கும் வீட்டைப் படப்பிடிப்புக்குக் கேட்டு ஒரு கூட்டம் வந்தது. நல்ல வீடு. வீட்டம்மா இத்தனை வருஷத்தில் அவளை ஒரு சொல் கடிந்ததில்லை. வாய் நிறைய அக்கா என்பாள். காய்ச்சல் என்றால் மாத்திரை வாங்கித் தருவாள்.

இயக்குநர் அதிகம் பேசாத, ஒல்லியான பெண். சமையலக்கா துணிந்து கேட்டுவிட்டாள்: “என்னம்மா கதை?”

“இது மாதிரி ஒரு வீடுதான்க்கா. யாரும் யாரையும் திட்ட மாட்டாங்க. அதான் கதை.”

“திட்டலேன்னா கதை எப்படிம்மா நகரும்?”

“அதைத்தான் நானும் யோசிச்சிட்டிருக்கேன்.”

மறுநாள் கலை உதவியாளன் ஒரு புதுக் கோப்பையைப் பின்சுவரில் தேய்த்துக்கொண்டிருந்தான். கதையில் வரும் வேலைக்காரியின் கோப்பை. பழசாகத் தெரிய வேண்டுமாம். வீட்டம்மாவுக்கு மனசு கேட்கவில்லை.

“ஏம்ப்பா புதுசைப் போட்டுப் பாழாக்கறே? நம்ம வீட்லயே ஒண்ணு இருக்கே. அக்கா கப்பு.”

சமையலறை ஜன்னலுக்கு வெளியே, திட்டில் கவிழ்த்திருந்த காது உடைந்த கோப்பையைக் காட்டினாள்.

இயக்குநர் திரும்பினாள். “வெளியிலயா வெச்சிருக்கீங்க?”

“வெளியிலன்னு இல்லம்மா... அவங்களுக்குத் தோதா...”

அதற்குமேல் யாரும் கேட்கவில்லை.

மதியம் கோப்பைக்கு விளக்கு வைத்தார்கள். ‘சைலன்ஸ்!’ என்று ஒருவன் போட்ட சத்தத்தில் தெருநாய்கூட வாயை மூடிக்கொண்டது. நடிகர் யாருமில்லை. கோப்பை மட்டும். அதன் விளிம்பில் ஓர் ஈ வந்து உட்கார்ந்தது. விரட்டப் போன உதவியாளனை இயக்குநர் கை காட்டி நிறுத்தினாள்.

சமையலக்கா இயக்குநருக்குப் பின்னால் நின்று சின்னத் திரையில் பார்த்தாள். இடப்பக்கம் உள்ளே, அலமாரியில் வெள்ளைக் கோப்பைகள் வரிசையாக. நடுவில் சுவர். வலப்பக்கம் வெளியே, வெயிலில் அவள் கோப்பை. அவளுக்குப் புல்லரித்தது. உள்ளே நிற்கும்போது அலமாரியைப் பார்த்திருக்கிறாள், வெளியே வரும்போது திட்டைப் பார்த்திருக்கிறாள். இரண்டையும் சேர்த்துப் பார்க்க அந்தச் சுவர் விட்டதில்லை. கேமரா சுவரின் விளிம்பில் போய் நின்றுகொண்டு, ஒன்றுமே சொல்லாமல், இரண்டையும் ஒன்றாகப் பார்த்தது. புருஷனிடம்கூட அவள் சொல்லாத ஒன்றை இந்தப் பெண் எங்கிருந்து தெரிந்துகொண்டாள்?

படப்பிடிப்பு முடியும்வரை கோப்பையை யாரும் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள்.

சாயங்காலம் டீ போட்டாள். வீட்டாருக்கு ஊற்றினாள். கடைசியில் எப்போதும்போல் பாத்திரத்தில் அவள் பங்கு மிஞ்சியது. கை பழக்கத்தில் ஜன்னல் பக்கம் போய், பாதியில் நின்றது. பக்கத்தில் வீட்டம்மா.

“ஷூட்டிங்காரங்ககிட்ட பேப்பர் கப்பு ஒண்ணு வாங்கித் தரட்டுமாக்கா?”

வேலை போனாலும் போகும் என்று சமையலக்காவுக்குத் தெரியும்.

“வேணாம்மா.”

அலமாரியிலிருந்து ஒரு வெள்ளைக் கோப்பையை எடுத்து ஊற்றினாள். அங்கேயே நின்று குடித்தாள். எத்தனையோ தடவை கழுவிய கோப்பை, விரலுக்குத் தெரியும். விளிம்பு இத்தனை மெல்லிசு என்று உதட்டுக்கு இன்றுதான் தெரிந்தது. வீட்டம்மா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எல்லாவற்றையும் கழுவித் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தபோது வீட்டம்மா மறுபடி வந்தாள். வரிசையை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை பார்த்தாள்.

“அக்கா, எது அது?”

“எதும்மா?”

சமையலக்கா நிஜமாகவே திரும்பிப் பார்த்தாள். எல்லாம் ஒன்றுபோல் வெளுத்திருந்தன. எதில் குடித்தோம் என்று அவளுக்கே தெரியவில்லை.

வீட்டம்மா கைக்கு வந்த ஒன்றை எடுத்து, தண்ணீர் பிடித்து, கண்ணை மூடிக்கொண்டு குடித்தாள்.