இறக்கி வைக்க ஒரு கல்

கீரமங்கலம் சந்தைக்குப் போகிற வண்டிப்பாதையில், எங்கள் ஊரிலிருந்து ஒரு மைல் நடந்தால் ஒரு புளியமரம் வரும். அதன் அடியில் ஒரு சுமைதாங்கி இருக்கிறது. இரண்டு கல்தூண், அவற்றின் மேல் குறுக்கே ஒரு பலகைக்கல், நெஞ்சு உயரம். தலைச்சுமையோடு வருகிறவள் யாரையும் கை கொடுக்கக் கூப்பிடாமல், லேசாகக் குனிந்து தன் சுமையைத் தானே அதில் இறக்கலாம், தானே திரும்ப ஏற்றிக்கொள்ளலாம். வயிற்றில் பிள்ளையோடு செத்துப்போன பெண்ணுக்காக அப்படிக் கல் நடுவது எங்கள் பக்கத்து வழக்கம். அவள் இறக்க முடியாமல் கொண்டுபோன சுமை, நாலு பேர் அந்தக் கல்லில் இறக்கி வைத்தால் அவளுக்கும் இறங்கும் என்பார்கள்.

வழக்கம் நல்ல வழக்கம்தான். நட்டவர்களை நினைத்தால்தான் எனக்கு வயிறு எரிகிறது. அந்த வழியே வருகிற வெளியூர்க்காரர்கள் கல்லில் 'திருப்பதி உபயம்' என்று வெட்டியிருப்பதைப் படித்துவிட்டு, "யாரோ புண்ணியவான்" என்று கன்னத்தில் போட்டுக்கொள்வதை நானே பார்த்திருக்கிறேன். புண்ணியவானாம்! அதற்குக் கீழே இன்னொரு வரி இருக்கிறது. அதை வெட்ட வைத்தவள் செவந்தி. அவளைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

செவந்திக்கு அப்பனும் ஆத்தாளும் சின்ன வயதிலேயே போய்விட்டார்கள். தங்கச்சி சொர்ணவல்லியை இடுப்பில் தூக்கி வளர்த்து, கட்டிக் கொடுத்தவள் அவள்தான். செவந்தியின் புருஷன் சிலோன் தேயிலைத் தோட்டத்துக்குப் போனவன் திரும்பவே இல்லை. அதற்காக அவள் அழுது யாரும் பார்த்ததில்லை. கட்டையான உருவம், கட்டைக் குரல், எழுத்து ஒன்றும் தெரியாது. எந்தக் கூடையையும் திட்டிக்கொண்டேதான் தூக்குவாள். திட்டு வாங்காத கூடை கழுத்தை ஒடித்துவிடும் என்று அவளுக்கு ஒரு நம்பிக்கை.

பலாப்பழக் காலத்தில் நாங்கள் ஏழு பேர் பெரிய வீட்டுத் திருப்பதியின் தோப்பில் பழம் ஏற்றிக்கொண்டு சந்தைக்கு நடப்போம். கூடைக்கு இரண்டு பழம். பழம் உருளும் என்பதால் இரண்டு கையும் மேலே போய்விடும். இரண்டு கையும் மேலே இருக்கிற பெண்ணால் நழுவுகிற முந்தானையைக்கூட இழுத்துவிட முடியாது, மூக்கில் உட்காருகிற ஈயைக்கூட ஓட்ட முடியாது. இது ஆண்களுக்குத் தெரியும். தெரிந்துதான் திருப்பதியின் மகன் கண்ணுசாமி தன் கூட்டாளிகள் இரண்டு பேரோடு சந்தை நாள் தவறாமல் புளியமரத்தடிக்கு வந்து உட்காருவான். அப்போது அங்கே கல் கிடையாது. சுமையை இறக்க வேண்டுமென்றால் கை சும்மா இருக்கிற யாராவது பிடித்து இறக்க வேண்டும். "நாங்க எறக்கி விடுறோம்" என்று இவன்கள் எழுந்து வருவான்கள். ஒரு கை கூடையில் இருக்கும், இன்னொரு கை எங்கள் மேல் இருக்கும். அதனால் நாங்கள் இறக்குவதையே விட்டுவிட்டோம். சந்தை வரை மூன்று மைலும் நிற்காமல் நடந்தோம். நிழல் அவன்களுக்கு, கழுத்துவலி எங்களுக்கு.

1937 ஆனி மாதம். சொர்ணவல்லிக்கு அப்போது ஆறு மாதம். அன்றைக்குச் செவந்தி காய்ச்சலில் படுத்திருந்தாள். வரிசையில் சொர்ணவல்லிக்குப் பின்னால் நான் நடந்தேன். புளியமரம் வந்ததும் கண்ணுசாமி எழுந்து வந்து, அவள் இடுப்பை எட்டிக் கிள்ளினான். அவள் துள்ளினாள். பழம் ஒரு பக்கம் உருண்டது, கூடையோடு சேர்ந்து அவளும் குப்புற விழுந்தாள். அவன்கள் சிரித்தான்கள். அவள் எழுந்திருக்கவில்லை என்று தெரிந்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டுக் கொல்லைப் பக்கமாக ஓடினான்கள். மூன்றாம் நாள் வயிற்றுப் பிள்ளையோடு சொர்ணவல்லி போய்ச் சேர்ந்தாள்.

ஊர்க்கூட்டம் போட்டார்கள். பின்னால் நடந்தவள் என்பதால் என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். என் புருஷன் அடைக்கலம் திருப்பதியின் பண்ணையாள். புறப்படும்போதே என் கையைப் பிடித்து, "பாக்கலைன்னு சொல்லிரு இன்னாசியம்மா, நமக்கு அடுப்பு எரிய வேணாமா?" என்று கெஞ்சினார். அவர் கேட்டது பார்க்கவில்லை என்று சொல்லத்தான். நான் அதற்கும் மேலே ஒரு படி போனேன்.

"கால் இடறி விழுந்துட்டாங்கய்யா," என்றேன்.

கூட்டத்துக்கே மூச்சு வந்தது. செவந்தி ஓரத்தில் நின்று என்னையே பார்த்தாள். அதற்குப் பிறகு ஒரு வருஷம் அவள் என்னோடு பேசவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் முட்டிபோட்டால் எனக்கு மாதா முகம் தெரியாது, செவந்தி முகம்தான் தெரியும்.

அடுத்த மாதமே திருப்பதி தன் செலவில் சுமைதாங்கி நட்டார். ஊருக்கே சாப்பாடு போட்டார். அந்தப் பந்தியில் பாயசம் ஊற்றியவன் யார் தெரியுமா? கண்ணுசாமி! "இன்னும் கொஞ்சம் ஊத்தவா?" என்று இலை இலையாகக் கேட்டுக்கொண்டு வந்தான். நாங்களும் வாயை மூடிக்கொண்டு குடித்தோம். கல்லில் கொடுத்தவர் பேரை வெட்டினார்கள். செத்தவள் பேரை வெட்ட யாருக்கும் தோன்றவில்லை. ஒரு மாதம் போகவில்லை, அந்தப் பலகைக்கல்லின் மேலேயே ஏறி உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டு பீடி குடிக்க ஆரம்பித்தான் கண்ணுசாமி. மூன்று பேரும் உட்கார்ந்தால் கல் நிறைந்துவிடும். இப்போது கல் இருந்தும் எங்களுக்கு இறக்க இடமில்லை. அவன்களுக்கு உட்கார மட்டும் நல்ல உயரமாக ஒரு இடம் கிடைத்தது.

அடுத்த வருஷ ஆனி வந்தது. எனக்கு ஐந்து மாதம். மசக்கை இன்னும் விடாமல் எது சாப்பிட்டாலும் வெளியே வந்தது, ஆனாலும் பழக்கூடையைத் தலையில் ஏற்றாமல் இருக்க முடியவில்லை. தோப்பில் கூடை ஏற்றிக்கொண்டு நிற்கும்போது செவந்தி என் பக்கத்தில் வந்தாள்.

"எத்தனை மாசம்?" என்றாள்.

ஒரு வருஷத்துக்குப் பிறகு கேட்ட குரல். "அஞ்சுக்கா," என்றேன்.

"இன்னைக்கு நீ அந்தக் கல்லுல எறக்கி வைக்கிற."

"அவன் இருப்பானேக்கா."

"இருக்கட்டும்."

நடந்தோம். செவந்தி அன்றைக்குக் கூடையைத் திட்டவில்லை, அதுவே எனக்குப் பயமாக இருந்தது. புளியமரத்தடியில் மூன்று பேரும் கல்லின் மேல் வரிசையாக உட்கார்ந்திருந்தான்கள். எனக்கு முதுகு விண்விண்ணென்று தெறித்தது. இங்கே இறக்காவிட்டால் சந்தை வரை என்னால் போக முடியாது என்று தெரிந்துவிட்டது. செவந்தி நேரே கண்ணுசாமிக்கு முன்னால் போய் நின்றாள்.

"எறங்குங்க தம்பி. புள்ளத்தாச்சி சுமையை எறக்கணும்."

"அதுக்கு எதுக்கு நாங்க எறங்கணும்? இங்கிட்டு வரச் சொல்லு, தூக்கி எறக்கிவிடுறோம். நீயும் வா," என்று கூட்டாளியைப் பார்த்துக் கண்ணடித்தான்.

"கல்லு எதுக்கு நட்டாக?"

"உக்காரத்தான்!"

மூன்று பேரும் சிரித்தான்கள். செவந்தி இன்னும் ஒரு அடி முன்னால் போனாள். லேசாகக் குனிந்தாள். சுமைதாங்கியில் எப்படி இறக்க வேண்டுமோ அப்படியே, அவசரமே இல்லாமல், கூடையைச் சரித்து இரண்டு பலாப்பழத்தையும் கண்ணுசாமியின் மடியில் இறக்கினாள். முள்ளு முள்ளாக இருந்த பழம். அவன் கட்டியிருந்தது மெல்லிசு வேட்டி. போட்ட அலறலில் மரத்திலிருந்த காக்கை எல்லாம் கிளம்பிவிட்டது. தள்ளிவிடலாமென்று கை வைத்தான், கையிலும் குத்தியது. கூட்டாளிகள் இரண்டு பேரும் குதித்து ஓடியே போனான்கள். நல்ல சிநேகம்!

"இன்னாசி, வா. எடம் இருக்கு," என்றாள் செவந்தி.

நான் போய் என் கூடையை அவன் பக்கத்தில் கல்லில் இறக்கினேன். அந்தப் பாதையில் யார் கையும் மேலே படாமல் நான் முதன்முதலாகச் சுமை இறக்கியது அன்றைக்குத்தான். கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிழலில் நின்றேன். அவன் பழத்தை உருட்டிவிட்டு, தொடையில் ரத்தத்தோடு திட்டிக்கொண்டே நொண்டி நொண்டிப் போனான். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. கோபம் மட்டும் போகவில்லை.

மறுநாள் ஊர்க்கூட்டம். சொர்ணவல்லி செத்தபோது ஐந்து நாள் கழித்துக் கூடிய கூட்டம், கண்ணுசாமி தொடையில் முள் குத்தியதும் ஒரே நாளில் கூடிவிட்டது. திருப்பதிதான் பேசினார். பொம்பளைக்கு இத்தனை திமிர் ஆகாது, செவந்தி கண்ணுசாமியின் காலில் விழ வேண்டும் என்றார். அவருக்கு ஒத்து ஊதுகிற ஒரு பெரிய மனிதர், "வம்பு எதுக்கு? இனிமே பொம்பளைக கண்மாய்க்கரை வழியாப் போகட்டும்," என்று தீர்ப்பே எழுதிவிட்டார். கண்மாய்க்கரை ஒரு மைல் சுற்று. உட்கார்ந்திருக்கிறவனை எழுந்திரு என்று சொல்ல அந்தக் கூட்டத்தில் ஒருத்தருக்கும் நாக்கு எழவில்லை. சுமக்கிறவள் இன்னும் ஒரு மைல் சுமக்க வேண்டுமாம்!

"என்ன சொல்ற செவந்தி?" என்று கேட்டார்கள்.

"கை தவறிருச்சுங்க," என்றாள் செவந்தி. "என் தங்கச்சிக்குக் கால் இடறுன மாதிரி."

திருப்பதிக்கு முகம் கறுத்துவிட்டது. "பொய்! வேணும்னே வச்சிருக்கா," என்று கத்திவிட்டு என் பக்கம் திரும்பினார். "இன்னாசியம்மா, நீ கோயிலுக்குப் போறவ, பொய் சொல்லமாட்ட. போன வருசமும் நடந்ததை நீதான் சொன்ன. இப்பவும் சொல்லு தாயி."

அடைக்கலம் கூட்டத்துக்குப் பின்னாலிருந்து என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

"சொல்றேங்கய்யா. அக்காவுக்குக் கை தவறலை. வேணும்னேதான் வச்சாங்க. சொர்ணவல்லிக்கும் கால் இடறலை. ஒங்க மகன் இடுப்பைக் கிள்ளுனாரு, அதுல விழுந்தா. என் கண்ணால பாத்தேன். போன வருசம் இதே எடத்துல நின்னு நான் பொய் சொன்னேன்."

யாராவது எழுந்து அவனை ஒரு அறை அறைவார்கள் என்று நினைத்தேன். யாரும் எழவில்லை. ஒருத்தர் வானத்தைப் பார்த்தார். ஒருத்தர் மழை வரும்போல இருக்கிறது என்று துண்டை உதறினார். கூட்டம் அப்படியே கலைந்தது. கண்ணுசாமிக்கு ஒரு தண்டனையும் கிடையாது. அடைக்கலத்துக்கு மட்டும் பண்ணை வேலை போயிற்று, மிச்சமிருந்த எங்கள் ஆறு பேருக்கும் தோப்புக் கதவு சாத்தப்பட்டது. அடுத்த ஊருக்குப் போய் வாழை இலையும் நிலக்கடலையும் வாங்கிச் சுமந்தோம்.

ஆனால் கண்மாய்க்கரை வழியே ஒருத்தியும் போகவில்லை. செவந்தி ஒரு ஏற்பாடு செய்தாள். முதலில் வந்து சுமை இறக்குகிறவள், கடைசிப் பெண் வந்து இறக்கி ஏற்றுகிற வரை கல்லை விட்டு நகரக் கூடாது. பக்கத்து ஊர்ப் பெண்களும் அதில் சேர்ந்துகொண்டார்கள். சந்தை நாளில் அங்கே எப்போதும் நாலு பெண்கள் நின்றார்கள். அதற்கப்புறம் எவனுக்கும் அந்தக் கல்லில் ஏறி உட்காரத் துணிச்சல் வரவில்லை.

அந்தத் தை மாதம் செவந்தி ஒரு கல்தச்சனிடம் போய்ப் பத்து நாள் கல் சுமந்தாள். கூலிக்குப் பதிலாகக் கல்லில் ஒரு வரி வெட்டித் தர வேண்டும் என்று பேச்சு. மூன்றாம் வகுப்பு படித்தவள் நான்தான் என்பதால் கரித்துண்டை என் கையில் கொடுத்து எழுதச் சொன்னாள். நான் எழுதினேன், தச்சன் வெட்டினான். அதைச் செதுக்கி எடுக்கத் திருப்பதி ஆள் தேடிப் பார்த்தார். பிள்ளைத்தாச்சிக்கு நட்ட கல்லில் உளி வைக்க எந்தத் தச்சனும் சம்மதிக்கவில்லை.

வெட்டி முடித்த அன்று செவந்தி தலையில் கூடையோடு கல்லுக்கு முன்னால் நின்றாள். "என்ன எழுதிருக்க?" என்றாள். சொன்னேன். அவள் கூடையை இறக்கவில்லை. எனக்குப் புரிந்தது. அவளுக்குப் படிக்கத் தெரியாது, எழுதினவளோ ஒரு தடவை பொய் சொன்னவள். பாதையில் யாரோ ஒரு வெளியூர்க்காரர் குடையோடு வந்தார். அவரை நிறுத்தி, "ஐயா, இது என்னன்னு சத்தமாப் படிங்க," என்றாள்.

அவர் குனிந்து, எழுத்துக்கூட்டிப் படித்தார்: "சொர்ணவல்லி. கால் இடறவில்லை."

செவந்தி கூடையைக் கல்லில் இறக்கினாள்.