முதுநகர் வீட்டை விற்ற பணமும் கடலூரில் பன்னிரண்டு நாட்களும்

ஜூன் இரண்டாவது வாரம் பன்னிரண்டு நாள் விடுப்பில் கடலூர் போய் வந்தேன். சுற்றிப் பார்ப்பதற்காகப் போகவில்லை. மார்ச்சில் வந்தபோது முதுநகரில் இருந்த எங்கள் வீட்டை நாற்பத்தெட்டு லட்சத்துக்கு விற்றிருந்தேன். அந்தப் பணம் சிதம்பரத்தில் என் வங்கிக் கணக்கில் மூன்று மாதமாக அசையாமல் கிடந்தது. ஜூலை முப்பத்தொன்றுக்குள் அது கனடாவில் நான் இருக்கும் வின்னிபெக் நகருக்கு வந்து சேர்ந்தாக வேண்டும்.

என் கணவர் போன வருடம் இறந்தார். கனடாவில் நாங்கள் இருக்கும் வீட்டின் கடன், இரண்டு சம்பளத்தை நம்பி வாங்கியது. ஒரு சம்பளத்துக்கு அதைப் புதுப்பிக்க முடியாது, முதலில் ஒரு பெரிய தொகையைக் கட்டுங்கள் என்று அங்குள்ள வங்கி சொல்லிவிட்டது. கட்டாவிட்டால் அந்த வீட்டையும் விற்க வேண்டியதுதான். மகளுக்குப் பள்ளியில் கடைசி வருடம். அவள் அப்பாவின் குளிர்கோட்டு இன்னும் வாசல் பக்கம்தான் மாட்டியிருக்கிறது. ஒரு வீட்டைக் காப்பாற்ற இன்னொரு வீட்டை விற்றேன். இதே காரியமாக ஊருக்குக் கிளம்பும் யாருக்காவது உதவும் என்று எழுதுகிறேன்.

சென்னை விமான நிலையத்திலிருந்து கிளாம்பாக்கம் பேருந்து நிலையம், டாக்ஸிக்கு அறுநூறு ரூபாய். அங்கிருந்து கடலூர் நான்கு மணி நேரம், கட்டணம் இருநூற்றுப் பத்து. காலை ஏழுக்கு ஏறினால் பதினொன்றுக்குக் கடலூர் பேருந்து நிலையத்தில் இறங்கிவிடலாம். எதிரிலேயே விடுதிகள் உண்டு. நாளுக்கு ஆயிரத்து எண்ணூறு கொடுத்து ஒன்றில் தங்கினேன். இருபத்திரண்டு வயது வரை வாழ்ந்த ஊரில் விடுதியில் தங்கியது இதுதான் முதல் தடவை. என் தம்பி கணேசன் நெல்லிக்குப்பத்தில் வாடகை வீட்டுக்குப் போய்விட்டிருந்தான். வீடு சின்னது என்று போனில் சொன்னான். அதற்குமேல் அவன் கூப்பிடவில்லை, நானும் கேட்கவில்லை.

விடுதி மேலாளர் என் பாஸ்போர்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "வெளிநாட்டு பாஸ்போர்ட்னா ஒரு ஃபாரம் ஜாஸ்தி போடணும் மேடம்" என்றார். பிறகு என் பேச்சைக் கேட்டுவிட்டு, எந்த ஊர் என்றார். முதுநகர் என்றேன். ஆறு கிலோமீட்டர் கூட இல்லை. அவர் ஃபாரத்தை நீட்டினார்.

அந்த வீடு என் பெயரில் இருந்தது. வேலைக்குப் போன முதல் வருடங்களில் நான் அனுப்பிய பணத்தில் வாங்கியது. அம்மா அங்கேதான் இருந்தார், கணேசனின் குடும்பமும் அங்கேதான். அம்மா இறந்து நான்கு வருடமாகிறது. விற்பது என்று நான் சொன்னபோது கணேசன் மறுக்கவில்லை. தன் பள்ளி நண்பர், துறைமுகப் பக்கம் ஐஸ் வியாபாரம் செய்யும் சேகரை அவனே கூட்டி வந்தான். பத்து லட்சம் அவனுக்குக் கொடுத்தேன். வாங்கும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

மறுநாள் காலை சிதம்பரம். கடலூரிலிருந்து நாற்பத்தைந்து கிலோமீட்டர், பேருந்தில் ஒன்றேகால் மணி நேரம், நாற்பது ரூபாய். முதுநகரைத் தாண்டியதும் தொழிற்பேட்டையின் வாடை கொஞ்ச நேரம் மூக்கிலேயே நிற்கும். ஜன்னலை மூட வேண்டாம், மூடினால் வெக்கையில் வெந்துவிடுவோம். புதுச்சத்திரத்துக்குப் பிறகு காற்று மாறும். கல்லூரிக் காலத்தில் சிதம்பரத்தில் தொடங்கிய கணக்கைத்தான் பிறகு வெளிநாட்டில் இருப்பவர்களுக்கான என்ஆர்ஓ கணக்காக மாற்றி வைத்திருந்தேன். வீடு விற்ற பணத்தை அனுப்ப வேண்டுமானால் ஆடிட்டரின் சான்றிதழ் வேண்டும் என்று வங்கியில் சொல்லியிருந்தார்கள். கீழவீதிக்குப் பக்கத்துச் சந்தில், மாடியில் அவர் அலுவலகம். என் வயதுதான் இருக்கும் அந்த அம்மாவுக்கு.

அவர் கிரயப் பத்திரத்தைப் படித்தார். இரண்டாம் பக்கத்தில் நிறுத்தி, விரலை ஒரு வரியில் வைத்துக்கொண்டே என்னைப் பார்த்தார். விற்பவர், அதாவது நான், முதுநகர் வீட்டு முகவரியில் "வசித்து வரும்" என்று இருந்தது.

"நீங்க இங்க வசிக்கலையே மேடம்?"

இந்தியாவில் வசிப்பவர் ஐம்பது லட்சத்துக்குக் கீழ் வீடு விற்றால் வாங்குபவர் வரி பிடிக்க வேண்டியதில்லை. விற்பவர் வெளிநாட்டில் வசிப்பவரென்றால் வாங்குபவர் விலையிலிருந்து வரியைப் பிடித்து அரசுக்குக் கட்டிய பிறகுதான் மீதியைத் தர வேண்டும். எனக்குப் பதின்மூன்று சதவீதம், ஆறு லட்சத்து இருபத்துநாலாயிரம். சேகர் ஒரு பைசா பிடிக்கவில்லை. பிடிக்க வேண்டும் என்று அவருக்கு எப்படித் தெரியும்? பத்திரத்தில் நான் நாலு தெரு தள்ளி இருப்பவள். இதைச் சரிசெய்யாமல் சான்றிதழில் கையெழுத்துப் போட மாட்டேன் என்றார் ஆடிட்டர். சேகருக்கு நோட்டீஸ் வந்தால் அபராதமும் அவர் தலையில்தான் என்றார். வழி இருந்தது: பிழைத்திருத்தல் பத்திரம் பதிவு செய்ய வேண்டும், வரித்தொகையை நான் சேகரிடம் திருப்பித் தர வேண்டும், அவர் வட்டியோடு கட்ட வேண்டும். கூடுதலாகக் கட்டியது பிறகு எனக்குத் திரும்ப வரும். ஆனால் சேகர் சம்மதித்தால்தான் எல்லாம்.

வெளியே வரும்போது மணி பன்னிரண்டரை. கோயில் நடை சாத்தியிருந்தது. சிதம்பரம் போகிறவர்கள் பன்னிரண்டுக்குள் போய்விடுங்கள், இல்லையென்றால் மாலைதான். நான் திரும்பும் பேருந்தில் ஏறினேன்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். மார்ச்சில் பத்திரம் எழுதுபவர் என் முகவரி கேட்டபோது பதில் சொன்னது கணேசன். ஒரு விடுப்பில் வந்தபோது எடுத்த என் பழைய ஆதாரிலும் அதே முகவரிதான் இருந்தது. தட்டச்சு செய்து வந்ததை எனக்குப் படிக்கக் கொடுத்தார்கள். அந்த வரியை நான் பார்த்தேன். சரியில்லை என்று தெரிந்தது. எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது. இருபது வருடமாக எல்லாப் படிவத்திலும் வின்னிபெக் என்று எழுதிக்கொண்டிருந்தவள் நான். கனடாவில் வரிக் கணக்கு எழுதும்போது முதுநகர் வீட்டை "அந்நிய நாட்டுச் சொத்து" என்ற கட்டத்தில் போடச் சொல்வார்கள், போடுவேன். அன்று அந்த ஒரு காகிதத்தில் நான் முதுநகரில் வசித்து வந்தேன். கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

அன்று சாயங்காலம் கணேசனும் நானும் சேகரைப் பார்க்க ஐஸ் கடைக்குப் போனோம். விஷயத்தைக் கேட்டதும் அவர் முகம் போன போக்கைப் பார்த்து எனக்கே கஷ்டமாக இருந்தது. "ஊரோட வந்துட்டீங்க, லோக்கல்னுதானக்கா சொன்னீங்க. நான் இவன நம்பித்தான் வாங்குனேன்" என்றார். கணேசன் தலையைக் குனிந்துகொண்டு, "நான்தான்டா தப்பா சொல்லிட்டேன்" என்றான். நான் பக்கத்தில் நின்றுகொண்டு பேசாமல் இருந்தேன்.

வட்டியும் என் பொறுப்பு, பணத்தை நாளைக்கே உங்கள் கணக்கில் போடுகிறேன் என்றேன். பணம் கணக்கில் ஏறட்டும், அப்புறம் பேசுவோம் என்றார். மறுநாள் மதியம் ஆறு லட்சத்து நாற்பதாயிரம் ஏறியது. அரை மணி நேரத்தில் போன் செய்தார். குரலில் பழைய சேகர் வந்திருந்தார். "ஒரு வூட்ட ரெண்டு தடவ எழுதிக் குடுக்குற ஆளு நீங்கதாங்க்கா. மூணாவது தடவைக்கு காபியாவது வாங்கித் தாங்க." ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். போன தடவை சாட்சி வேறு யாரோ, இந்தத் தடவை கணேசன்தான் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும்.

வரி கட்டுவதற்குச் சேகர் ஒரு எண் வாங்க வேண்டியிருந்தது. அது வர ஐந்து நாள். அந்த ஐந்து நாளும் பெரும்பாலும் விடுதி அறையிலேயே இருந்தேன். ஒருநாள் ஆட்டோவில் முதுநகர் வரை போய், எங்கள் தெருமுனையில் திரும்பச் சொல்லிவிட்டேன். போக வர முந்நூறு ரூபாய். ஆட்டோக்காரர், "வூடு தெரியலயாம்மா?" என்று கேட்டார். தெரியும் என்றேன்.

எட்டாம் நாள் பதிவு அலுவலகம். பத்திரம் எழுதுபவருக்கு மூவாயிரம், அரசுக் கட்டணம் தனி. காலை பத்துக்கு டோக்கன், எங்கள் முறை வர மதியம் ஒன்றரை ஆனது. பத்திரம் எழுதுபவர் புதிய வரியை வாசித்துக் காட்டினார்: முதுநகர் முகவரியில் வசித்து வரும் என்று தவறுதலாகக் குறிப்பிடப்பட்டதை, கனடா நாட்டில் வசித்து வரும் என்று திருத்தி வாசிக்க வேண்டியது. பிறகு சாட்சியின் விவரம் கேட்டார். கணேசன் ஆதாரை நீட்டினான்.

"இது அந்த வித்த வூட்டு அட்ரஸ் ஆச்சே" என்றார் அவர். "இப்ப எங்க இருக்கீங்க?"

"நெல்லிக்குப்பம்."

"கதவு நம்பர்?"

கணேசன் யோசித்தான். நாற்பத்து நான்கு வயது. தெருப்பெயரைச் சொன்னான். பிறகு ஜன்னல் பக்கம் போய், மனைவிக்குப் போன் செய்து, "நம்ம வூட்டு நம்பர் இன்னா?" என்று மெதுவாகக் கேட்டான். சேகர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கும் அந்த எண் தெரியாது. ஊருக்கு வந்து எட்டு நாளாகியும் நான் அந்த வீட்டுக்குப் போகவில்லை.

சேகர் வரி கட்டி ரசீது கொடுத்து, ஆடிட்டரும் சான்றிதழ் தந்ததும், பத்தாம் நாள் சிதம்பரம் வங்கிக்குக் கணேசனும் கூட வந்தான். ஆலப்பாக்கம் தாண்டும்போது அவனிடம் சொன்னேன்.

"அந்த அட்ரஸ நான் அன்னைக்கே படிச்சேன்டா. படிச்சிட்டுத்தான் கையெழுத்து போட்டேன். ஒம்மேல தப்பில்ல."

அவன் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே, "தெரியும்க்கா. நீ படிக்கிறதத்தான் பாத்துகிட்டு இருந்தேன்" என்றான்.



வங்கியில் படிவம் நான்கு பக்கம். கடைசிப் பக்கத்தில், இந்தியாவில் உங்கள் முகவரி என்று ஒரு கட்டம். பேனாவை வைத்துக்கொண்டு கணேசனைப் பார்த்தேன். உன் வீட்டு முகவரியைப் போடட்டுமா என்று கேட்டேன்.

"பதினோரு மாசத்துக்குதான்க்கா அக்ரிமெண்ட்டு. அப்புறம் எங்க இருப்போமோ தெரியாது."

பேனாவை மூடினேன்.

கனடா திரும்பிய ஆறாம் நாள் முப்பத்தொரு லட்சத்துக்கான டாலர் வின்னிபெக் கணக்கில் ஏறியது. கடன் புதுப்பித்தாகிவிட்டது. மகள் இதே பள்ளியில் படித்து முடிப்பாள். நான் எதற்காகப் போனேனோ அது நடந்தது. சந்தோஷப்பட வேண்டும் என்று இரண்டு மூன்று தடவை எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

இதே காரியமாகப் போகிறவர்களுக்கு: விற்பதற்கு முன்பே ஆடிட்டரைப் பாருங்கள், விற்ற பிறகு அல்ல. குறைந்த வரி பிடிக்க வருமான வரி அலுவலகத்தில் முன்கூட்டியே சான்றிதழ் கேட்கலாம், கேட்டிருந்தால் இவ்வளவு பணம் முடங்கியிருக்காது. ஆடிட்டர் கட்டணம் எனக்குப் பதினைந்தாயிரம் ஆனது. படிவங்களின் பெயரும் எண்ணும் மாறிக்கொண்டே இருக்கும், போகும்போது கேட்டுக்கொள்ளுங்கள். உங்களிடம் வாங்குபவரிடம் நீங்கள் எங்கே வசிக்கிறீர்கள் என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள், அவர் தம்பியின் நண்பராக இருந்தாலும். பத்திரத்தில் உங்கள் பெயருக்குப் பக்கத்து வரியை நிதானமாகப் படியுங்கள். பிடித்திருக்கிறது என்பதற்காகக் கையெழுத்துப் போடாதீர்கள். பன்னிரண்டு நாள் போதாது, மூன்று வாரம் வைத்துக்கொள்ளுங்கள், கூடப் பிறந்தவர்கள் வீடு மாறியிருந்தால் முதல் நாளே போய்ப் பாருங்கள்.

வங்கிப் படிவத்தில் இந்திய முகவரிக்கான கட்டத்தை நிரப்பாமல் கொடுத்தாலும் வாங்கிக்கொள்கிறார்கள்.