செருப்பு வரிசையும் நான் எழுதிய கடிதமும்

நன்றி சொல்லி எழுதிய கடிதம், நன்றிக்குரியவருக்கே கெடுதலாக முடியுமா? ஏறக்குறைய ஓர் ஆண்டாக இந்தக் கேள்விக்கு எனக்கு விடை தெரியவில்லை. கேள்வி வரும்போதெல்லாம் ஒரு ஜோடி செருப்பும் கூடவே நினைவுக்கு வருகிறது. பழுப்பு நிறம், இடது கால் வார் அறுந்து கறுப்பு நூலால் தைத்திருக்கும். குருமடத்தில் சாமியாருக்குப் படித்துக்கொண்டே எங்கள் கிளைக்கோயிலுக்கு ஞாயிறுதோறும் வந்துகொண்டிருந்த பிரதருடையது அது.

கோயில் என்றால் தகரக் கூரை போட்ட ஒரு கூடம்தான். ஒரகடம் கம்பெனிகளுக்கு வேலைக்கு வந்து, வல்லக்கோட்டைப் பக்கம் மனை வாங்கிக் குடியேறியவர்கள் கட்டியது. பங்குச் சாமியார் பூசை வைத்துவிட்டு அடுத்த ஊருக்கு ஓடிவிடுவார். பிள்ளைகளுக்கு மறைக்கல்வி, பாட்டு எல்லாம் பிரதர் பொறுப்பு. தூத்துக்குடிப் பக்கத்துக்காரர், என்னைவிட இளையவர்.

என் மகளுக்கு அப்போது நான்கு வயது. கீபோர்டு ஒலித்தால் காதைப் பொத்திக்கொண்டு அலறுவாள். பேச்சும் அதிகம் வரவில்லை. பொறுத்துப் பார்க்கலாம் என்றார் டாக்டர். நானோ பொறுக்கத் தெரியாதவள். கணவருக்கு ஞாயிற்றுக்கிழமையும் பெரும்பாலும் கம்பெனியில் ஓ.டி. ஆகவே பூசை முழுக்க நானும் அவளும் வாசலுக்கு வெளியேதான். அங்கே அவளுக்கு ஒரு வேலை கிடைத்தது. எல்லோரும் கழற்றிப் போட்ட செருப்புகளை அடுக்குவாள், ஆனால் ஜோடியாக அல்ல. இடது கால் செருப்பெல்லாம் வாசலுக்கு இந்தப் பக்கம், வலது கால் செருப்பெல்லாம் அந்தப் பக்கம், சின்னதிலிருந்து பெரியது வரை. கலைத்தால் மறுபடி அலறல்.

பூசை முடிந்ததும் ஒரே அமளி. மீன் விற்கும் பெரியம்மா ஒருவர் இடுப்பில் கைவைத்து நிற்பார். "இன்னாம்மா இது, ஒண்ணு இங்க கீது, இன்னொண்ண காணோம்? உன் பொண்ணு என்னாண்டயே கடை பரப்பிக்கினு கீது!" மற்றவர்கள் சிரிப்பார்கள். நான் ஒவ்வொருவரிடமும் மன்னிப்புக் கேட்பேன். அடுத்த வாரம் வரவேண்டாம் என்று வாராவாரம் முடிவெடுப்பேன்.

அப்படி ஒரு ஞாயிறு, நற்செய்தி வாசகம் முடிந்ததும் பிரதர் வெளியே வந்தார். சத்தம் போடாதீர்கள் என்று சொல்லத்தான் வருகிறார் என நினைத்து, "இதோ கூட்டிட்டுப் போயிடறேன் பிரதர்" என்றேன். "எங்கக்கா போறீய? பாப்பா வேலை பாதில நிக்குல்லா" என்றார். வெள்ளை அங்கியோடு சிமெண்டுத் தரையில் உட்கார்ந்தார். தன் செருப்பை ஒவ்வொன்றாக அவளிடம் நீட்டினார். அவள் வாங்கி, அளந்து பார்த்து, இடத்தில் வைத்தாள். அவ்வளவுதான். சரியாகிவிடும் என்று அவர் சொல்லவில்லை, வேண்டிக்கொள்ளுங்கள் என்றும் சொல்லவில்லை. நன்மை, அதாவது நற்கருணை அப்பம், கொடுக்கும் நேரம் வரை உட்கார்ந்திருந்துவிட்டு உள்ளே போனார். பிறகு ஆண்டு முழுவதும் அப்படித்தான். பூசை முடிந்ததும் அவரே ஆட்களுக்கு வழி சொல்வார்: "பெரியம்மா, ஒங்களுது அந்தப் பக்கம் ஏழாவது." பெரியம்மா எண்ணிக்கொண்டே போவார்.

கல்வியாண்டு முடியும்போது, பிரதர் எப்படி நடந்துகொண்டார் என்று மக்களிடம் எழுதி வாங்குவது குருமடத்து வழக்கம். படித்தவள் என்று என்னிடம் தாளைக் கொடுத்தார்கள். மூன்று முறை கிழித்து எழுதினேன். எனக்குத் தெரிந்த ஆகப்பெரிய பாராட்டை முதல் வரியிலேயே வைத்தேன்: "பூசை நேரத்தில் பெரும்பாலும் அவர் எங்களோடு வெளியேதான் இருந்தார்."

ஆண்டு நிறைவு நன்றித் திருப்பலிக்கு எங்களையும் குருமடத்துக்கு அழைத்திருந்தார்கள். அன்று பிரதர் பாடகர் குழுவில் இருந்ததால் வெளியே வர முடியவில்லை. மகள் சும்மா இருக்கவில்லை. அறுபது பேர் செருப்பு, பாதிக்கு மேல் ஒரே கறுப்பு. பூசை முடிந்து வந்த பிரதர்கள் ஒற்றைக் காலில் குதித்துக்கொண்டிருக்க, குருமடத்து அதிபர் சாமியார் வெறுங்காலோடு நின்றார். எனக்கு உயிரே போய்விட்டது. எங்கள் பிரதர் ஓடி வந்து, "ஃபாதர், ஒங்களுது பெரிய சைஸ்லா, கடைசில பாருங்க" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அதிபரும் சிரித்தார். செருப்பை மாட்டிக்கொண்டே என்னைக் கேட்டார்: "பூசை நேரத்துல இவர் வெளியேதான் இருப்பார்னு எழுதினது நீங்கதானாம்மா? வாரா வாரமா?"

"ஆமா ஃபாதர், ஒரு வாரம்கூடத் தவறினதில்ல" என்றேன் பெருமையாக.

இரண்டு வாரம் கழித்துச் செய்தி வந்தது. உடன் படித்தவர்கள் குருவாவதற்கான அடுத்த படியாக இறையியல் படிக்கப் போனார்கள். அவரை மட்டும் இன்னும் ஓர் ஆண்டு ஒரு பங்குக் கோயிலில் பணி செய்துவிட்டு வரச் சொல்லியிருந்தார்கள். பூசையை விட்டுவிட்டு வெளியே இருந்தார் என்று என் கடிதத்தைப் படித்துவிட்டார்களா, வேறு காரணமா, தெரியாது. பிரதருக்குப் போன் செய்து மன்னிப்புக் கேட்டு அழுதேன். "உள்ளதத்தான எழுதுனீய? அதுக்கு எதுக்குக்கா மன்னிப்பு? பாப்பாவக் கேட்டேன்னு சொல்லுங்க" என்று வைத்துவிட்டார். அவர் குரலில் வருத்தம் இருந்ததா என்று இன்றும் யோசிக்கிறேன்.

இப்போது மகளுக்கு ஐந்து வயது. நற்செய்தி வரை உள்ளே இருக்கிறாள். பிறகு வெளியே, செருப்புகளிடம். புதிய பிரதர் நல்லவர், ஆனால் உள்ளேயே இருப்பார். அது தவறில்லை. போன ஞாயிறு அந்த மீன்காரப் பெரியம்மா முழங்காலைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார். "நவுரும்மா" என்று என்னைத் தள்ளிவிட்டு, மகள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, இன்னும் அடுக்காமல் கிடந்த தன் செருப்பை எடுத்து ஒவ்வொன்றாக அவளிடம் நீட்டினார். தைத்த வார் போட்ட அந்தப் பழுப்புச் செருப்பு எந்த ஊர் வாசலில் கிடக்கிறதோ என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த மாதம் பழைய பிரதரைப் பற்றி அதிபர் மறுபடி முடிவெடுப்பார். நான் எழுதியது குறையல்ல, நன்றி என்று விளக்கி ஒரு கடிதம் எழுதி வைத்திருக்கிறேன். பெரியம்மா வந்து உட்கார்ந்ததையும் சேர்த்திருக்கிறேன். அனுப்பினால் அவருக்கு உதவுமா, ஆறிப்போனதைக் கிளறுமா? முதல் கடிதத்தை அனுப்புமுன் நான் யாரையும் கேட்கவில்லை. இந்த முறை கேட்கிறேன். உங்களுக்கு என்ன தோன்றுகிறது, சொல்லுங்கள்.