பூண்டு மணத்த அடுப்பு

காஜா மொய்தீன் சூலியா தெருவில் ஒரு சீன முதலாளியிடம் கல் பார்க்கும் வேலை செய்தவர். பேராக்கிலிருந்தும் கெடாவிலிருந்தும் வரும் கற்களில் என்ன இருக்கிறது என்பதை நெருப்பை வைத்துச் சொல்லிவிடுவார். கல்லைப் பொடித்துக் கரித்துண்டின் குழியில் வைத்து, விளக்குச் சுடரைப் பித்தளைக் குழலால் அதன்மேல் ஊதுவார். சுடர் பச்சையானால் செம்பு. வெள்ளையாக ஒரு மணி திரண்டால் வெள்ளீயம். வெண்புகை எழுந்து பூண்டு மணத்தால் பாஷாணம். எழுந்துபோய்ச் சன்னலைத் திறந்துவிடுவார்.

1926 மழைக்காலத்தில், கடலுக்கு அக்கரையில் பாகான் டாலாமில் குடியிருந்த அவருடைய தங்கை நூர்ஜான் ஆளனுப்பினாள். பக்கத்து வீட்டு ருக்குமணியின் கணவன் இறந்து நாலு மாதம். பேராக்கில் ஈயம் தோண்டும் இடத்தில் வேலை செய்தவன். ஊர் திரும்பிய பின் வாந்தி நிற்காமல், கால் மரத்துப்போய்ச் செத்தான். அவன் இருந்தவரை அந்த வீட்டில் பூண்டில்லாமல் சமையல் கிடையாது. செத்த பிறகு ருக்குமணி பூண்டைக் கையால் தொடவில்லை. ஆனாலும் அடுப்பு மூட்டினால் வீடெல்லாம் பூண்டு வாசம். தெருவில் யாரும் அந்த வாசலை மிதிப்பதில்லை.

காஜா மொய்தீன் போனபோது ருக்குமணி பயந்தவளாகவே தெரியவில்லை. அடுப்பை மூட்டிக் காட்டினாள். கொஞ்ச நேரத்தில் அந்த வாசம் மெல்ல எழுந்தது. அவள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள், வேறொரு ஆம்பிளை அப்போதுதான் வீட்டுக்குள் வந்துவிட்டதுபோல. அவளுடைய உள்ளங்கை தடித்துத் தோல் உரிந்திருந்தது.

அடுப்புக்கல் மூன்றும் சாம்பல் நிறத்தில் மின்னின. கணவன் வேலை செய்த இடத்திலிருந்து கொண்டுவந்தவையாம். ஒன்றில் சில்லு உடைத்து, அவள் கண்முன்னேயே கரியில் வைத்து ஊதினார். வெண்புகை வந்தது. கரியின் ஓரத்தில் வெள்ளையாகப் படிந்தது. பாஷாணக்கல், அவனைக் கொன்றதும் இதுதான் என்று சொல்லி, மூன்றையும் சாக்கில் கட்டி எடுத்துப் போய், படகில் திரும்பும்போது நடுக்கடலில் போட்டார்.

சில நாளில் நூர்ஜான் மறுபடி ஆளனுப்பினாள். வாசம் நிற்கவில்லை.

அவர் போய்ச் சேர்ந்தபோது மத்தியானம். ருக்குமணியின் கதவு, சன்னல் எல்லாம் சாத்தியிருந்தன. இடுக்கு வழியாகப் பார்த்தார். அடுப்பில் புதுக்கற்கள், பானை இல்லை. தணலில், அன்று அவர் உடைத்தபோது தெறித்த பழைய கல்லின் சில்லு ஒன்று மட்டும் புகைந்துகொண்டிருந்தது. ருக்குமணிக்கு எதிரே வாழையிலையில் சோறு. அவள் தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னாள், நிறுத்திக் காதுகொடுத்தாள், தலையாட்டிச் சிரித்தாள்.

அவர் கதவைத் தள்ளித் திறந்தார்.

"மெதுவாண்ணே," என்றாள். "இப்பத்தான் வந்தாரு."

"அவரைக் கொன்னதே இந்தக் கல்லுதாம்மா."

"தெரியும்ணே. அன்னைக்கே சொன்னீங்களே."

அவர் சில்லை இடுக்கியால் எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். அன்று சாயங்காலமே நூர்ஜான் அவளைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போய் வைத்துக்கொண்டாள். கை ஆற ஒரு வருஷம் ஆயிற்று. நூர்ஜானின் பிள்ளைகளை ருக்குமணிதான் வளர்த்தாள். கணவன் பேச்சை அவளாக எடுத்ததே இல்லை.

பாஷாணப் புகை புத்தியைக் கலக்கும் என்றார் டாக்டர். காஜா மொய்தீனும் அப்படித்தான் எல்லாரிடமும் சொன்னார். நூர்ஜானிடம் மட்டும் ஒருமுறை வேறொன்று சொன்னார். அன்று உள்ளே போனபோது இலையில் பாதிச் சோறு குறைந்திருந்தது. ருக்குமணியின் கையில் ஒரு பருக்கைகூட ஒட்டியிருக்கவில்லை.