சிவப்பு இறக்கையின் எடை

தங்கையின் பேத்தி கூடத்தில் உட்கார்ந்து நகத்துக்குப் பூச்சு பூசிக்கொண்டிருந்தாள். வாடை மூக்கில் ஏறியதும் பேப்பரை மடித்து வைத்துவிட்டேன். உங்களுக்கு அது நகப்பூச்சு வாடை. எனக்கு அது எழுபதுகளின் தொடக்கத்தில், பிள்ளையார்பாளையத்தில், தாமோதரன் வீட்டுப் பின்கட்டு. பொம்மை விமானத்தின் இறக்கைக்குப் பூசுவோமே, டோப், அதன் வாடை.

தாமோதரனும் நானும் மின்சார ஆபீஸில் ஒரே மேஜையின் இரண்டு பக்கம். பட்டணத்து மூர் மார்க்கெட்டில் பழைய விமானச் சாமான்களும் ஒரு ரேடியோ பெட்டியும் வாங்கி வந்தான். பொத்தானை ஒரு தரம் அழுத்தினால் விமானம் வலப்பக்கம் திரும்பும், இரண்டு தரம் அழுத்தினால் இடப்பக்கம். அவ்வளவுதான் வித்தை. பதற்றத்தில் நான் எத்தனை தரம் அழுத்துவேன் என்று எனக்கே தெரியாது. தென்னேரி ஏரியின் காய்ந்த தரையில் அது மூக்கைக் குத்திக்கொண்டு நிற்கும்.

எல்லையில் சண்டை முடிந்த புதிது வேறு. ஏரியலை நீட்டிக்கொண்டு வானத்தைப் பார்த்து நிற்கும் இரண்டு பேரை ஊர் சும்மா விடுமா? எந்த நாட்டுக்குச் செய்தி போகிறது என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். ஒரு போலீஸ்காரர் எங்கள் ரேடியோ லைசென்ஸைத் தலைகீழாகக்கூடத் திருப்பிப் பார்த்தார். அதையெல்லாம் சிரித்தே தாண்டிவிட்டோம். எங்களைக் கவிழ்த்தது வேறு சந்தேகம்.

ஒவ்வொரு தரம் விழும்போதும் இறக்கைக் காகிதம் கிழிந்தது. காகிதத்துக்குப் பதில் மெல்லிய பட்டுத் துணியை ஒட்டலாம் என்று எங்கேயோ படித்திருந்தோம். மறு வாரமே தாமோதரன் பட்டு ஒட்டி, அதன்மேல் சிவப்பு டோப்பைத் தாராளமாகப் பூசி வைத்திருந்தான். பட்டு ஏது என்றேன். "கெடச்சுது, வுடுபா" என்றான். காஞ்சிபுரத்தில் பிறந்தவனுக்கு அந்தப் பதில் போதுமா? என் கண் தானாகக் கூடத்துத் தறிப் பக்கம் போனது.

தறி அவன் அண்ணன் ஏகாம்பரத்துடையது. எங்கள் ஊர் வழக்கம் தெரிந்திருக்கும். முதலாளி பட்டு நூலை எடை போட்டுக் கொடுப்பார், நெய்த சேலையை எடை போட்டுத்தான் வாங்குவார். எடை குறைந்தால் நெசவாளி சேதாரம் என்பார், முதலாளி அதில் பாதியைத்தான் நம்புவார். அந்தச் சமயம் பார்த்து ஏகாம்பரத்தின் சேலையில் கொஞ்சம் குறைந்திருந்தது. மிச்சம் பிடித்த நூலில் அண்ணன் தம்பிக்குத் துணி நெய்து கொடுத்திருக்கிறான் என்று சிவப்பு இறக்கைப் பேச்சும் முதலாளியின் காதுக்குப் போய்விட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்தார். இறக்கையின் ஓரத்தை இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்தார். பிறகு தறிப் பக்கம் திரும்பிப் பார்த்தார். ஏகாம்பரத்துக்கு முகம் கறுத்துவிட்டது. "எட போட்டே பாருங்க மொதலாளி" என்று அவரே இறக்கையிலிருந்து துணியை உரித்தெடுத்தார். எங்கள் கோடை முழுவதும் அதில்தான் இருந்தது. தராசு வந்தது. சேலையில் குறைந்த எடைக்கே தட்டு நின்றது.

எடையில் பெரும்பங்கு காய்ந்த டோப் என்று நான் எடுத்துச் சொன்னேன். முதலாளி என்னை மேலும் கீழும் பார்த்தார், களவில் எனக்கும் பங்கு இருக்கும் என்று நினைத்திருக்க வேண்டும். துணி எங்கே வாங்கியது, அதை மட்டும் சொல் என்று தாமோதரனைக் கேட்டார். அவன் தரையைப் பார்த்தான். சமையலறை வாசலில் நின்ற மனைவி கோமளாவைப் பார்த்தான். மறுபடி தரையைப் பார்த்தான்.

முதலாளி தராசை எடுத்துக்கொண்டு எழுந்தார். "நாளைக்கு நூல் வாங்க வராத ஏகாம்பரம்" என்றார்.

அப்போதுதான் தாமோதரன் உள்ளே ஓடி, ரேடியோ பெட்டிக்கு அடியிலிருந்து இரண்டு ஜரிகைக் கரைகளைக் கொண்டுவந்தான். தாலி கட்டும்போது அவன் உடுத்தியிருந்த பட்டு வேட்டியின் கரைகள். நடுத்துணிதான் இறக்கைக்குப் போயிருந்தது. கல்யாணப் பட்டில் கத்தரி வைப்பதை எங்கள் பக்கத்துப் பெண்கள் பொறுக்கமாட்டார்கள். மனைவிக்குத் தெரியாமல் வெட்டியிருக்கிறான் பாவி.

கோமளா கரைகளைக் கையில் வாங்கினாள். "இத மட்டும் இன்னாத்துக்கு வச்சிருக்கீங்க? இதையும் ஒட்டிக்கிங்களேன்" என்றாள். முதலாளி கரையின் வெட்டுவாயையும் உரித்த துணியையும் சேர்த்து வைத்துப் பார்த்தார். ஏகாம்பரத்தை நூல் வாங்க வரச்சொல்லிவிட்டுப் போனார்.

கோமளா கொஞ்ச நாள் முறைத்துவிட்டு ஆறிப்போனாள். அண்ணன் ஆறவில்லை. அன்று சாயங்காலம் தம்பியிடம் சொன்னது என் காதிலும் விழுந்தது. "தராசு வர்ற வரிக்கும் பாத்துக்கினு இருந்த. நான் திருடன்னு ஆவுற வரிக்கும் பாத்துக்கினு இருந்தியே தாமு." அந்த வருஷம் தை மாதத்துக்குள் ஏகாம்பரம் தறியைக் கழற்றிக்கொண்டு குடும்பத்தோடு ஆரணிக்குப் போய்விட்டார். விமானத்தை நாங்கள் மறுபடி தொடவே இல்லை.

மூர் மார்க்கெட்டும் எரிந்துபோயிற்று. ரேடியோ பெட்டி எந்தப் பழைய சாமான் கடைக்குப் போனதோ தெரியாது. இப்போது கல்யாண வீடுகளில் தலைக்குமேல் டிரோன் சுற்றுகிறது, ஏன் எதற்கு என்று ஒரு போலீஸ்காரரும் கேட்பதில்லை. தாமோதரனும் இல்லை. அவனுடைய அறுபதாம் கல்யாணத்துக்குக் கோமளா அந்தப் பழைய கரைகளைப் புது வேட்டியில் வைத்துத் தைத்துக் கொடுத்திருந்தாள். அதை உடுத்திக்கொண்டு, ஐயர் கூப்பிடக் கூப்பிட, அவன் மண்டப வாசலிலேயே நின்றுகொண்டிருந்தான். ஆரணியிலிருந்து யாரும் வரவில்லை.